சிருங்காரக் கதை எழுதுவோருக்கு ஐயாத்துரையின் ஆலோசனைகள்

சிருங்காரக் கதை எழுத நினைப்பவர்களுக்கு என் முதல் ஆலோசனை: மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கதிரையில் வைக்காதீர்கள். வைத்தாலும் அதே கதிரையில் போய் இருக்காதீர்கள்.

நான் இருந்தேன். 'நறுக்' என்றது. எலும்பாக இருக்கக்கூடாதா என்று கடவுளை வேண்டிக்கொண்டு எழும்பினேன். எலும்பு முறிந்தால் புக்கை கட்டலாம். கண்ணாடி முறிந்தால் வன்னியில் யார் புக்கை கட்டுவார்கள்? கண்ணாடி வில்லை வேண்டுமென்றால் தாண்டிக்குளம் சோதனைச்சாவடி தாண்டி வவுனியாவுக்குப் போகவேண்டும். போவதற்குப் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் கிடைப்பதற்குள் எனக்கு மற்றக் கண்ணும் மங்கிவிடும்.

என்னைப் பற்றிச் சொல்லவில்லையே. ஐயாத்துரை. அக்கராயன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். பொருளாதாரத் தடை வந்தபிறகு எங்கள் கடைக்கு அரிசி வந்தால் சீனி வராது. சீனி வந்தால் மண்ணெண்ணெய் வராது. தவறாமல் வருகிறவன் நான் ஒருவன்தான். வெறும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிற மனிதனுக்கு என்ன தோன்றும்? இலக்கியம் தோன்றும்.

'ஐயாத்துரை பிறந்தான், நிவாரண அரிசி நிறுத்தான், இறந்தான்' என்று என் சரித்திரம் முடிந்துவிடக்கூடாது. ஒரு புத்தகத்தின் அட்டையில் என் பெயர் வரவேண்டும். கொட்டை எழுத்தில். அதைப் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று ஒரு நல்ல நாளில் சபதம் எடுத்தேன்.

சபதத்துக்கு வழி காட்டியது நீலச் சவர்க்காரம். பக்கத்து வீட்டு நல்லதம்பி சைக்கிளில் வவுனியாவுக்குப் போய்ச் சாமான் கட்டிவந்து விற்கிறவர். அவர் சவர்க்காரம் சுற்றித்தந்த தாளில், வவுனியாவில் மாத நாவல் போடுகிற ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். 'புதிய எழுத்தாளர்களின் குடும்ப நாவல்கள் வரவேற்கப்படுகின்றன. காதல் ரசம் தூக்கலாக இருக்கலாம். ஆனால் வீட்டில் எல்லோரும் படிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.'

சொல்லவும் வேண்டுமாம், சொல்லவும் கூடாதாம். மற்றவர்கள் இதைக் கண்டு மிரளலாம். நான் மிரளவில்லை. சொல்லாமல் சொல்வதற்குத்தானே மூன்று புள்ளி இருக்கிறது? உறுப்புகளின் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்குத்தானே உலகத்தில் இத்தனை பூவும் பழமும் இருக்கின்றன? பெண்ணின் பெருமூச்சுக்குக் காற்புள்ளி. ஆணின் பெருமூச்சுக்கு ஆச்சரியக்குறி. விளக்கு அணைகிற இடத்தில் புள்ளிகள். இதற்குமேல் சிருங்காரத்தில் ஒன்றுமில்லை என்று எனக்கு அப்போது உறுதியாகத் தெரிந்திருந்தது.

முழுக் கதையும் தலைக்குள் தயார். சங்கக்கடைப் பழைய பில்களின் பின்பக்கமும் தயார். அந்த நேரத்தில்தான் கண்ணாடிக்கு மேல் இருந்தேன்.

நல்லதம்பி மாதக் கடைசியில் வவுனியா போகிறார். முறிந்த கண்ணாடியும் போகவேண்டும், நாவலும் போகவேண்டும். கண்ணாடி இல்லாமல் நாவல் எழுதுவது எப்படி? யாரையாவது எழுதச் சொல்லலாம். யாரை? விசயம் வெளியே தெரிந்தால், 'அரிசி இல்லாத சங்கக்கடையில் மனேச்சர் அணைப்புக் கதை எழுதுகிறார்' என்று குளக்கட்டு முழுக்கக் கதைப்பார்கள். மிச்சம் இருந்தது என் மனைவி ஞானேஸ்வரி மட்டும்தான்.

அவளுடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை விரதம், செவ்வாய்க்கிழமை விரதம், மிச்ச நாளில் பொருளாதாரத் தடையால் விரதம். அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்ட கதையை எப்படிச் சொல்வது? யோசித்து ஒரு திட்டம் போட்டேன். கதை சூடாகும் இடமெல்லாம் புள்ளி போடச் சொல்லிவிடுவது. ஞானேஸ்வரிக்குத் தெரிந்த புள்ளி கோலப்புள்ளி ஒன்றுதான் என்பது என் கணக்கு.

பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தொடங்கினோம்.

"தலைப்பை எழுதும். 'மோக மழை'. பக்கத்தில மூண்டு ஆச்சரியக்குறி போடும்."

"மாரியில மழை பெய்யிறதில என்னப்பா ஆச்சரியம்?"

"அது இலக்கியம். நீர் எழுதும். 'சுரேகா கிணற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீரோடு அன்னநடை நடந்து வந்தாள்.'"

"அன்னத்தை எங்க கண்டனீங்கள்?"

"காணவேணுமோ?"

"எங்கட குளத்தில நிக்கிறது வாத்து. அது நடக்கிற மாதிரி ஒரு பொம்பிளை நடந்தா, முழங்காலில வாதம் எண்டுதான் சொல்லுவினம்."

"எழுதுமப்பா! 'அவளின் கொடியிடை துவண்டது.'"

பேனை நின்றுவிட்டது.

"இப்ப என்ன?"

"இல்ல, முதல் வரியில இவ கிணத்தில இருந்து ரெண்டு குடம் தண்ணி தூக்கிக்கொண்டு வந்தவ எண்டு சொன்னனீங்கள். துவளுற இடுப்பில எந்தக் குடம் நிக்கும்? நீங்கள் ஒருக்காத் தூக்கிப் பாத்திருந்தா தெரியும்."

நான் தூக்கிப் பார்த்ததில்லை. ஆகவே கோபப்பட்டேன். இதுவும் எழுத்தாளர்களுக்கு உபயோகமான ஆலோசனைதான்: பதில் இல்லாத இடத்தில் கோபப்படுங்கள்.

"இஞ்ச பாரும், எழுதுறது உம்மட வேலை. யோசிக்கிறது என்ர வேலை. 'அவள் சமையலறையில் சோறு வைத்தாள். கிருபன் வாசலில் வந்து அவளை நெருங்கினான். வரட்டா என்றான்.' ஒரு கேள்விக்குறி."

"ஆர் இந்தக் கிருபன்?"

"அவளின்ர புருசன். கலியாணம் கட்டி ஆறு வருசம்."

"புருசன் குசினிக்குள்ள வாறதுக்கு என்ன கேள்வி? தேத்தண்ணி கேக்கத்தானே வருவார்?"

"இவன் தேத்தண்ணிக்கு வரேல்ல."

"பின்ன?"

நான் தொண்டையைச் செருமினேன். "அதுக்குத்தான் இந்த இடத்தில மூண்டு புள்ளி போடச் சொல்லுறன்."

பேனை மூன்று தரம் குத்தியது. சத்தத்தை எண்ணினேன். சரியாக இருந்தது. வேலை சுலபமாக முடிந்ததென்று நான் மூச்சு விட்டபோது ஞானேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

"இதுக்குப் பிறகு என்ன எழுத?"

"'காலையில் சேவல் கூவியது.'"

"ஐயோ! மூண்டு புள்ளிக்குள்ள பொழுதுபட்டு, விடிஞ்சு, சேவலும் கூவிட்டுதோ? அப்ப அவள் அடுப்பில வைச்ச சோறு?"

"சோத்தை விடும்!"

"எப்பிடி விடுறது? அரிசி விக்கிற விலை சங்கக்கடை மனேச்சருக்குத் தெரியாதோ? சோறு அடிப்பிடிக்க ஒரு பொம்பிளை எப்பிடி, இஞ்சாருங்கோ, எப்பிடி மோகப்படுவாள்?"

புள்ளியைப் பற்றி என் கணக்குப் பிழைத்துவிட்டது. அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. விளங்கியது மட்டுமில்லை, திருத்தவும் தொடங்கிவிட்டாள்.

"நான் ஒண்டு சொல்லட்டோ? அந்தக் கிருபனைக் குசினிக்கு வரச்சொல்லுங்கோ. வந்து அவளிட்ட இருந்து திருவலையை வாங்கித் தேங்காய் திருவச்சொல்லுங்கோ."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "தேங்காய் திருவுறது சிருங்காரமோ?"

"சொல்லேக்கையே எனக்கு மயிர் கூச்செறியுது."

"ஞானேஸ், உமக்கு இலக்கியம் வராது. நான் சொல்லுறதை மட்டும் எழுதும். 'கொவ்வை இதழ்' எண்டு போடும். பிறகு காற்புள்ளி."

"சரி. போட்டாச்சு."

அதன்பிறகு அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் மாம்பழம் என்றால் பேனை ஓடியது. மாதுளை என்றால் ஓடியது. முந்திரிகை என்றபோதும் மறுபேச்சில்லை. ஒவ்வொரு நாளும் எழுதி முடித்ததை வாசித்துக் காட்டச் சொல்வேன். பிசகில்லாமல், நான் சொன்ன சொல்லை நான் சொன்னபடியே வாசிப்பாள். ஆச்சரியக்குறி வரும் இடத்தில் குரலைக்கூட உயர்த்துவாள். மனைவிமார் மறுபேச்சுப் பேசாவிட்டால் சந்தேகப்படவேண்டும். நான் சந்தோசப்பட்டேன்.

கடைசி நாள் என் நெஞ்சு தபேலா வாசித்தது.

"இப்ப முதல் தாளை எடும். தலைப்புக்குக் கீழ, நல்ல பெரிய எழுத்தில, எழுதினவரின்ர பேரைப் போடும்."

தாள் சரசரத்தது. பிறகு பேனை ஓடும் சத்தம் கேட்டது. நிதானமாக, அழகாக ஓடியது. என் பெயருக்கு இவ்வளவு மரியாதை தருகிறாளே என்று எனக்குக் கண் கலங்கியது.

நல்லதம்பி கண்ணாடியையும் நாவலையும் கட்டிக்கொண்டு போனார். வரும்போது வெறுங்கையோடு வந்தார். என் கண்ணுக்குரிய வில்லை கொழும்பில் இருந்து வரவேண்டுமாம். நாவலை, விளம்பரம் போட்ட நாஸிம் முதலாளி வாங்கி வைத்தாராம். அடுத்த பாஸ் கிடைக்கும்வரைக்கும் நான் குத்துமதிப்பாக வாழ்ந்தேன். அரிசியைக் குத்துமதிப்பாக நிறுத்தேன். சனத்தைக் குரலால் அடையாளம் கண்டேன். நாவல் வந்ததும் எங்கே வைத்து வெளியிடுவது, யாரைத் தலைமை தாங்கச் சொல்வது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் நல்லதம்பியின் சைக்கிள் வாசல் படலையில் வந்து நின்றது.

"அண்ணை, கண்ணாடி வந்திட்டுது. புத்தகமும் வந்திட்டுது!"

முதலில் கண்ணாடியைப் போட்டேன். உலகம் திரும்பக் கிடைத்தது. வேம்பு தெரிந்தது. வேம்பில் காகம் தெரிந்தது. குசினி வாசலில் ஞானேஸ்வரி தெரிந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கலியாணத்தன்றுகூட இவ்வளவு வெட்கப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

புத்தகத்தைத் திருப்பினேன்.

அட்டையில் 'மோக மழை' இல்லை. 'குசினி வாசல்' என்று இருந்தது. ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'ஞானேஸ்வரி'.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். இப்போது இன்னும் தெளிவாக 'ஞானேஸ்வரி'.

"இதென்ன?"

"புத்தகம்."

"என்ர பேர் எங்க?"

ஞானேஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சிவசிவா! புருசன்ர பேரை நான் எழுதுவனோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு என் பெயர் அவள் வாயில் வந்ததே கிடையாது. நிவாரணப் பதிவில் விதானையார் 'குடும்பத் தலைவர் பேர்?' என்று கேட்டால், வரிசையில் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச்சொல்லிக் கையைக் காட்டுவாள். என் பெயரில் 'ஐயா' இருப்பதால் கோயில் ஐயரைக்கூட 'பூசை செய்யிறவர்' என்றுதான் சொல்வாள். ஊரில் எல்லா மனைவிமாரும் அப்படித்தான். இது தெரிந்த ஊரில் பிறந்து வளர்ந்து, பெண்டாட்டியைக் கூப்பிட்டு என் பெயரை எழுதச் சொன்னவன் நான் ஒருவன்தான்.

"வாயால சொல்லக்கூடாது, சரி. கையால எழுதினா என்ன?"

"ரெண்டும் ஒண்டுதான். உங்கட ஆயுசு குறைஞ்சா தாலி இல்லாமல் நிக்கிறது ஆர்? நீங்களோ நானோ?"

"அதுக்கு உம்மட பேரைப் போடுறதோ?"

"எழுதினவரின்ர பேரைப் போடு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? எழுதினது நான்தானே?"

நல்லதம்பி இருமினார். அது இருமல் இல்லை என்பது எனக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. என் ஆயுளைக் கூட்டுவதற்காக என் புகழை அடியோடு வெட்டியிருக்கிறாள். பதிவிரதையிடம் சண்டை பிடிக்க எந்தச் சாத்திரத்தில் இடம் இருக்கிறது?

"அண்ணை, குறை நினையாதேங்கோ," என்றார் நல்லதம்பி. "வவுனியாவில பொம்பிளையள் முண்டியடிச்சு வாங்கினமாம். நாஸிம் முதலாளி அடுத்த நாவல் கேட்டவர். அந்தக் குசினிக் கட்டத்துக்கு அவரின்ர மனிசி உம்மு ஹானி மயங்கிப்போனாவாம். ரெண்டு கிழமையா முதலாளியும் வீட்டில தேங்காய் திருவுறாராம்."

புத்தகத்தை அவசரமாகப் புரட்டினேன். என் மாம்பழம் இல்லை. மாதுளை இல்லை. கொவ்வை, அன்னம், கொடி எல்லாவற்றையும் இந்தப் பெண் வேரோடு பிடுங்கி எறிந்திருந்தாள். மூன்று புள்ளிக்கு முழுப் புத்தகத்திலும் இடமில்லை.

"நீர் எனக்கு வாசிச்சுக் காட்டினது?"

"அது உங்கட கதை. நீங்கள் சொன்னது எல்லாம் எனக்குப் பாடம். உங்களுக்கு வாசிக்க உங்கட கதை, அச்சுக்குப் போக இந்தக் கதை எண்டு வைச்சனான். உங்களுக்கும் மனம் நோகாதுதானே?"

அந்தக் கட்டம் கண்ணில் பட்டது.

'அவன் திருவலையை அவளிடமிருந்து வாங்கினான். நீ இரு என்றான். அவள் சுவரில் சாய்ந்து இருந்தாள். அவன் திருவிக்கொண்டே அவளைப் பார்த்தான். தேங்காய்ப்பூ தட்டுக்கு வெளியே விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எழுந்து வந்து, ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, அவள் கழுத்து வியர்வையைத் தன் துவாயால் ஒற்றினான். வெளியில் யாரோ கூப்பிட்டார்கள். இருவரும் போகவில்லை.'

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகள் மட்டும். வாசித்த எனக்குக் காது சுட்டது. மனைவியின் பெயர் அட்டையில் வந்ததற்காக எனக்குப் பொறாமை என்று நினைப்பீர்கள். உண்மையில் எனக்குப் பொறாமை அந்தக் கிருபன்மேல்தான். ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்துவிட்டானே பாவி!

ஆனாலும் ஐயாத்துரை அவ்வளவு சுலபத்தில் தோற்கிறவன் இல்லை. அட்டையில் இல்லாவிட்டால் என்ன? எந்த எழுத்தாளரும் முன்னுரையில் நன்றி சொல்லாமல் விடமாட்டார்கள். பெயரைச் சொல்லமுடியாது, சரி. 'என் கணவர்' என்று ஒரு சொல் போட்டாலும் போதும், ஊருக்கு விளங்கும். கதைக் கரு தந்தவன் நான். கடதாசி தந்தவன் நான்.

"முன்னுரை எழுதினனீரோ?"

"ஓம். சின்னதா."

"அதில என்னைப் பற்றி?"

"இல்லாமல் விடுவனோ? கடைசி வரி முழுக்க நீங்கள்தான்."

அவள் முகத்தில் பெருமை. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. என்ன இருந்தாலும் என் ஞானேஸ்வரி அல்லவா? நல்லதம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினேன். அவருக்கும் கேட்கட்டும் என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முன்னுரையின் கடைசி வரியை உரத்து வாசித்தேன்.

'இந்நாவலில் வரும் கணவன் முழுக்க முழுக்கக் கற்பனை. என்னுடன் வாழ்ந்துவரும் எவரையும் குறிப்பதல்ல.'