மனசைப் பழுது பார்க்கும் அண்ணாச்சி

அடுத்தவர் மனசைப் பழுது பார்க்கிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. மழை பொய்த்தாலும் கண்மாய் வற்றினாலும் எங்கள் பக்கத்தில் இந்த இனத்துக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, நீங்கள் ரசம் கேட்கிற நேரம் பார்த்து, "உள்ளுக்குள்ள ஒங்களுக்கு ஏதோ ஒரு கவலை ஓடுது" என்று கண்ணை இடுக்குகிறவர் இவர்தான். கவலை ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். "அதத்தான் சொல்றேன், ஒங்களுக்கே தெரியல" என்பார். முடிந்தது கதை. அதற்குமேல் உங்கள் மனசு உங்களுடையது இல்லை.

இந்த இனத்தில் அருப்புக்கோட்டை கண்ட சிறந்த மாதிரி காளீஸ்வரன் அண்ணாச்சி. பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். சில வருஷம் முன்பு மதுரையில் ஓர் ஓட்டலில் நடந்த மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தார். முதல் நாள் பேர் பதிவு, மூன்றாம் நாள் குரூப் போட்டோ, நடுவில் ஒரு நாள் மனித மனம். திரும்பி வந்த கையோடு சான்றிதழை லேமினேட் பண்ணி, டிஸ்டெம்பர் வாளிகளுக்கு மேலே மாட்டி, கடை போர்டில் தன் பேருக்குக் கீழே 'வாழ்வியல் ஆலோசகர்' என்று எழுதியும் விட்டார். பெயிண்ட் அவர் கடையிலேயே இருந்தது. யார் கேட்பது?

அவரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான், கல்யாணம். பையன் வேலைக்குப் போகவில்லையா, கல்யாணம் பண்ணி வையுங்கள். குடிக்கிறானா, பண்ணி வையுங்கள். பண்ணி வைத்ததால்தான் குடிக்கிறானா, ஒரு பிள்ளை பிறக்கட்டும். "எல்லாம் மனசுதான்" என்று ஆரம்பிப்பார், "எங்கிட்ட விடுங்க" என்று முடிப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்களுக்குப் பேச இடமிருக்காது.

இவரிடம்தான் கனகலட்சுமி தன் மகள் தங்கச்செல்வியைக் கூட்டிக்கொண்டு போனார்.

தங்கச்செல்விக்கு முப்பத்து மூன்று வயது. திருச்சுழியில் சர்வேயர். அவள் அளந்து ஊன்றிய கல்லை யாரும் திரும்ப அளக்கச் சொன்னதில்லை. ஆனால் பஸ்ஸில் பாட்டுப் போட்டால் காதைப் பொத்திக்கொள்வாள், விசேஷ வீட்டில் அரை மணி நேரம் நின்றால் முகம் வெளிறிப் போகும், "இந்தச் சேலை எப்படி இருக்கு" என்று கேட்டால் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லிவிடுவாள். ஊர் இதற்கெல்லாம் திமிர் என்று பேர் வைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரன் பேச்சு எடுத்த அம்மாவிடம் அவள் இதையும் அதே மாதிரி சொன்னாள்: "எனக்கு ஆம்பளைங்க மேல நாட்டம் வராதும்மா. பொம்பளைங்க மேலதான் வரும். பதினாறு வயசுலேர்ந்து தெரியும்."

அவள் சொன்னது அம்மாவிடம் மட்டும். அம்மா சொன்னது அண்ணாச்சியிடம் மட்டும். அண்ணாச்சி சொன்னதைத்தான் எண்ணி முடிக்க முடியாது.

கடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஆலோசனை நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெயிண்ட் கலக்கும் மிஷின் டப்பாவைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தது. அவள் காதைப் பொத்தினாள். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "உண்மையக் கேக்க மனசு மறுக்குது பாருங்க" என்று கனகலட்சுமிக்கு விளக்கம் சொன்னார். பிறகு பேசினார். செல்போன், பிராய்லர் கோழி, அப்பா இல்லாமல் வளர்ந்தது, தெற்குப் பார்த்த வாசல் என்று ஒவ்வொன்றாகக் காரணம் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததற்கெல்லாம் தானே தலையாட்டி, கடைசியில் "இப்ப மனசு லேசா இருக்குமே தாயி" என்றார்.

தங்கச்செல்வி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு மணி நாப்பது நிமிஷம் ஆச்சு அண்ணாச்சி. அதுல நான் பேசுனது நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் நீங்க போன் பேசிக்கிட்டு இருந்தீக."

"ஏக்கர் அளக்குற பிள்ளைல்ல" என்று அண்ணாச்சி சிரித்தார். "கவலப்படாத. இந்த ரகசியம் எங்கூடவே மண்ணுக்குள்ள போயிரும்."

மண்ணுக்குள் போகவில்லை, காரியாபட்டிக்குப் போனது. அங்கே ஒரு காதுகுத்து வீட்டில், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, தன் அனுபவங்களை அவர் எடுத்துவிட்டார். "தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு, பேரச் சொல்லமாட்டேன். திருச்சுழில சர்வேயரா இருக்கிற ஒரு பொண்ணு..." திருச்சுழியில் எத்தனை பெண் சர்வேயர் இருந்தார்கள் என்கிறீர்கள்? ஒன்று.

அடுத்த வாரம் அவள் ஆபீசுக்குள் நுழைந்தாலே பேச்சு நின்றது. ஒரு காட்டுக்காரர் "வேற ஆள அனுப்பச் சொல்லுங்க" என்று அளவுச் சங்கிலியைப் பிடிக்க மறுத்தார். தங்கச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அளக்கப் போன இடத்தில் வரப்பில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே முடியாமல் மத்தியானம் வரை அப்படியே இருந்தாள். மறுநாளே தனக்கு உதவி வேண்டும் என்று முடிவு செய்து, போனில் தேடித் தேடி, மூன்று வாரம் கழித்து மதுரையில் ரஹ்மத் நிஷா என்ற மருத்துவ உளவியலாளரைக் கண்டுபிடித்தாள். அதற்கென்றே வருஷக்கணக்கில் படித்தவர்.

சனிக்கிழமை பஸ் ஏறிப் போனாள். ரஹ்மத் நிஷா முதலில் கேட்டது, "இந்த ஃபேன் சத்தம் ஒங்களுக்குத் தொந்தரவா இருக்கா?" இருக்கிறது என்றாள். அவர் எழுந்து நிறுத்தினார். இரண்டு பேருக்கும் வேர்த்தது. அதற்குப் பிறகு தங்கச்செல்வி ஐம்பது நிமிஷம் பேசினாள்.

"இத மாத்த முடியுமா?" என்று கடைசியில் கேட்டாள்.

"பொம்பளைங்க மேல ஆசை வர்றதயா? முடியாது, மாத்தணும்னு அவசியமும் இல்ல, அது நோயில்ல. மாத்துறேன்னு யாராச்சும் சொன்னா அது வைத்தியமே கெடையாது. ஒங்களுக்கு எதுல உதவி வேணும்னு நீங்க சொல்லுங்க, சேந்து பாப்போம். நான் சொல்றது ஒத்துவரலன்னா அதயும் சொல்லிருங்க. நானும் தப்புப் பண்ணுவேன்."

நானும் தப்புப் பண்ணுவேன். இந்த மூன்று சொல்லை அண்ணாச்சியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், பார்க்கலாம். நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

நாலைந்து சனிக்கிழமை உட்கார்ந்து கேட்டு, எழுதி, சரிபார்த்த பிறகு ரஹ்மத் நிஷா, சத்தமும் கூட்டமும் அவளை வாட்டுவதற்குக் காரணம் ஆட்டிசம் என்றார். பிறவியிலேயே மூளை வேலை செய்கிற விதம் அப்படி, குணக்கேடு இல்லை என்றார். முப்பத்து மூன்று வருஷம் திமிர் என்று சுமந்துகொண்டிருந்ததற்கு வேறு பேர் இருக்கிறது என்று கேட்டதும், திரும்பி வரும் பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை அழுதாள். துக்கமில்லை, இறக்கிவைத்த களைப்பு.

இதற்குள் அண்ணாச்சி சும்மா இருப்பாரா? பந்தல்குடியில் டயர் கடை வைத்திருக்கும் நாகராஜ் என்பவரைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். தங்கச்செல்வி இதை மதுரையில் சொன்னபோது ரஹ்மத் நிஷா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "நீங்க என்ன செய்ய நெனைக்கிறீங்க?" என்றார். அந்த ஆளிடம் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். "சொன்ன பெறகு அன்னைக்கு எங்க இருப்பீங்க?" என்று அவர் கேட்டார். அதை அவள் யோசித்திருக்கவில்லை. கூட வேலை பார்க்கும் முருகலட்சுமியின் வீட்டு மாடி அறையைக் கேட்டு வைத்தாள். என்ன சொல்வது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி, அவளும் ரஹ்மத் நிஷாவும் வாசித்துப் பார்த்து, பாதியை வெட்டினார்கள்.

நாகராஜ் தன் அக்காவோடு வந்தார். அண்ணாச்சி நடுவில் உட்கார்ந்து, "பொண்ணுக்குக் கொஞ்சம் கூச்சம். நாந்தான் கவுன்சிலிங் குடுத்துக்கிட்டு வாரேன்" என்றார். தங்கச்செல்வி நின்றபடியே தாளைப் பார்த்து வாசித்தாள்.

"எனக்கு ஆம்பளைங்க மேல நாட்டம் கெடையாது. கட்டிக்கிட்டா ஒங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். ஒங்ககிட்ட மறைக்க விருப்பமில்ல. அண்ணாச்சிக்கு இது ஆறு மாசமாத் தெரியும்."

நாகராஜ் திரும்பினார். "தெரியுமா அண்ணாச்சி?"

ஊருக்கே பேச்சுக் கற்றுக்கொடுத்தவர் அன்று தண்ணீர் கேட்டார். "கல்யாணம் ஆனா சரியாயிரும்னு..." என்று இழுத்தார்.

"யாருக்கு?" என்றார் நாகராஜ். அக்காவை எழுப்பிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று தங்கச்செல்வியைப் பார்த்து, "சொன்னதுக்கு நன்றிங்க" என்றார். அவருக்கு ஒரு நாள் பயிற்சியும் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

தங்கச்செல்வி முருகலட்சுமி வீட்டு மாடியில் இரண்டு மாசம் இருந்தாள். கனகலட்சுமி முதலில் பேசவில்லை. காதுகுத்து வீட்டுச் சங்கதி காதுக்கு வந்த அன்று மாடிப்படி ஏறி வந்தார். "நீ எங்கிட்டதான சொன்ன. நாந்தான் அவர்கிட்டக் கொண்டுபோயிக் கொட்டுனேன்" என்றார். மகள் வீட்டுக்குத் திரும்பினாள். அம்மாவுக்கு இன்னமும் எல்லாம் விளங்கிவிடவில்லை. ஆனால் வரன் பேச்சு இல்லை. மிக்சியைப் போடுவதற்கு முன்னால், "போடப்போறேன்" என்று குரல் கொடுக்கிறார்.

அண்ணாச்சி திருந்தினாரா? அந்த இனத்தில் அந்த வழக்கம் கிடையாது. "நாந்தான் அந்தப் பிள்ளைய மதுரைக்கு அனுப்பி வச்சேன்" என்று இப்போது கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார், மூன்று பேர் வாயைப் பிளந்து கேட்கிறார்கள்.

நீங்கள் அவரைப் போல இல்லை, தெரியும். போர்டு வைக்கவில்லை, லேமினேட் பண்ணவில்லை. ஆனாலும் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, அந்தப் பெண் அம்மாவிடம் இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே, அந்த டயர் கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை ஏதாவது வந்ததா? எனக்கு நாலு இடத்தில் வந்தது. விழுங்கிவிடுங்கள். அவள் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.