குளிரில் வளர்ந்த நேப்பியர் புல்லும் என் வயிற்றெரிச்சலும்

கிள்ளான்,
சனிக்கிழமை

மதிப்பிற்குரிய சகலை ஜீவன் அவர்களுக்கு,

பழனியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் மாதவியும் சுகம். கேமரன் மலையில் நீங்களும் தாமரையும் சுகம் என்பதை, நேப்பியர் தீவனப்புல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் படங்களில் தினமும் பார்த்துக்கொள்கிறேன். இதைக் குழுவில் எழுதாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம், அங்கே எழுதினால் மாதவி படித்துவிடுவாள். அவள் உங்கள் கட்சி.

விஷயம் மாமனாரின் பசு சின்னப்பொண்ணு. சுங்கை வே வீட்டைக் காலி செய்துவிட்டு மாமா ஆறாவது மாடி ஃப்ளாட்டுக்குப் போகிறார், சின்னப்பொண்ணை லிஃப்டில் ஏற்ற முடியாது. "யாருகிட்ட நல்ல புல்லு இருக்கோ, அந்த மருமகனுக்குத்தான் மாடு" என்று தைப்பூசத்தன்று அவர் சொன்னதுமே நான் மனதுக்குள் கொட்டகை கட்டிவிட்டேன். நேப்பியர் வெயிலுக்குப் பிறந்த புல், கிள்ளானில் வெயிலுக்கா பஞ்சம்? நீங்களோ மத்தியானத்திலும் ஸ்வெட்டர் போடுகிற ஊரில் இருக்கிறீர்கள். அங்கே அது வளராது என்ற தைரியத்தில்தான், நடுவதற்குத் தண்டுக் கரணை நீங்கள் கேட்டதும் ஒரு சாக்கு நிறைய அனுப்பினேன். அதில் ஒரு சின்ன உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனசு உறுத்துகிறது. இளசான, பச்சையான தண்டுகளை எல்லாம் என் புது நிலத்துக்கு எடுத்துக்கொண்டு, முற்றிப் பழுப்பேறிய அடித்தண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி உங்களுக்குக் கட்டினேன். அடுப்பெரிக்கக்கூட ஆகாது என்று நினைத்தேன். நேப்பியர் முற்றின கரணையில்தான் ஒழுங்காக முளைக்கும் என்று பக்கத்து ஆட்டுப்பண்ணை மும்தாஜ் அக்கா சொன்னபோது, என் இளந்தண்டுகள் மொத்தமும் அழுகி நாறிக்கொண்டிருந்தன.

சரி, பழைய பாத்தி இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். இரண்டு ஆள் உயரம். போன ஞாயிறு நீங்கள் கார் பூட்டில் உங்கள் புல்லைக் கொண்டுவந்த அதே நேரத்தில் நானும் ஒரு கட்டோடு சுங்கை வேக்கு வந்தேனே, அந்த அவமானத்தை நீங்களும் பார்த்தீர்கள். சின்னப்பொண்ணு உங்கள் கட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றது. என் கட்டில் ஒரு தண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது. மாமா அதைக் குனிந்து எடுத்து, "என்னா பழனி, இது புல்லா, வேலி போட வச்சிருக்கியா?" என்றார். குளிரில் மெதுவாக வளர்வதால்தான் தண்டு முற்றாமல் இலை இலையாக வந்ததாம், தக்காளித் தோட்டத்து பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வைத்துக் கதகதப்பு கொடுத்தீர்களாம், எவ்வளவு அடக்கமாக விளக்கினீர்கள்! வீடு வரும்வரை மாதவி, "அவரு குளிர்லயே வளத்துட்டாரு. நீங்க இந்தச் சூட்டுலயும் கோட்டை விட்டுட்டீங்க லா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்க நெரிசல் வேறு.

எனக்குப் பொறாமையா என்று கேட்டால், ஆமாம். மறைத்து என்ன ஆகப்போகிறது? மாமாவை மருந்து வாங்கக் கூட்டிப்போவது நான், கூரை ஒழுகினால் ஏறுவது நான். ஆனால் நான் வெறும் பழனி, நீங்கள் "நம்ம மாப்பிள்ளை". அந்தப் பசு என் கொட்டகையில் நின்றால் ஒருமுறையாவது என்னையும் அப்படிக் கூப்பிடுவார் என்று ஓர் ஆசை. ஆகவே, மலைக்குளிரில் மாட்டுக்கு இருமல் வரும் என்று நீங்களே மாமாவிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த மழைக்கு உங்கள் புல் அழுகிவிடும் என்று நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன், உங்கள் வாயாலும் வந்தால் நம்புவார்.

தாமரைக்கு என் ஆசிகள். உங்கள் தோட்டத்தில் தக்காளியும் முட்டைக்கோசும் செழிக்க முருகனை வேண்டுகிறேன். புல்லைப் பற்றி நான் எதுவும் வேண்டவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
பழனியப்பன்

பி.கு.: சகலை, இன்று புதன்கிழமை. மேலே உள்ளதைப் படிக்காமல் இதை மட்டும் படியுங்கள். திங்கட்கிழமை காலையில் மாமா லோரியோடு வந்து பசுவை இறக்கிவிட்டுப் போனார். "பழனியண்ணன் வீடுதான் பக்கம், நீங்க நெனச்சப்ப போயி பாக்கலாம், அவருக்கே குடுங்க மாமா" என்று புல் கொண்டுவந்த அந்த ஞாயிறே நீங்கள் சொல்லிவிட்டீர்களாமே! எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பசுவுக்கும் இறங்கவில்லை, என் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் காய்கறி லோரி அண்ணனிடமே ஆறு கட்டுப் புல் ஏற்றிவிடுங்கள், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஞாயிற்றுக்கிழமை மாமா பார்க்க வருகிறார். கேட்டால் இங்கே விளைந்தது என்றுதான் சொல்லப்போகிறேன்.