சுண்டுவிரல் இல்லாதவள்

"மார்பு முப்பத்திநாலு, இடுப்பு இருபத்தாறு. யாருங்க இவ?"

நசீர் அகமது தையல் மெஷினை நிறுத்தினார். மனைவி ரஹமத்துன்னிசாவின் கையில் அவர் கதை எழுதும் நோட்டு இருந்தது.

"கதையில வர்ற பொண்ணு. போன கதையை, ஆளு எப்படியிருப்பான்னே தெரியலன்னு பத்திரிகையில திருப்பிட்டாங்களே. அதான் இந்த வாட்டி கொஞ்சம் ஜாஸ்தியா எழுதினேன்."

"பாக்காமலா அளவு வந்துச்சு?"

"கடைக்கு அளவு ஜாக்கெட்தான் வருது. நான் எவளை நிமிர்ந்து பாத்தேன்?"

அவள் சத்தமாகப் படித்தாள்: "எவ்வளவு நேரம் நின்றாலும் முகம் சுளிக்கமாட்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள்." இருபது வருஷம் கொக்கி தைத்து ஊசி குத்திக் காய்த்த விரலால் அந்த வரியைத் தட்டினாள். "அப்ப நான் பேசறது கஷ்டமா இருக்குது, இல்ல?"

"இடுப்பை நாப்பது ஆக்கிடறேன்."

"அது பக்கத்து வீட்டு சரசு இடுப்பு. அதையும் மனசுல வெச்சிருக்கீங்க."

"சரி, அளவே வேணாம்." நசீர் எண்களை அடித்துவிட்டு ஓர் அடையாளம் எழுதினார்: இடது கையில் சுண்டுவிரல் கிடையாது.

வினை அதில்தான் வந்தது. இருபத்தாறு இடுப்பு ஊரில் நூறு பேருக்கு இருக்கும். சுண்டுவிரல் இல்லாதவள் ஒருத்திதான், மாவு மில்லு வெள்ளையம்மாள். பெல்ட்டில் சிக்கிப் போன விரல்.

ஆரணிக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று ரஹமத்துன்னிசா பையில் துணியை அடைத்தாள். போகிற வழியில் மில்லுக்குள் நுழைந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் கதையில நீ எப்படி வந்த?"

வெள்ளையம்மாள் தோளிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டு, விஷயத்தைக் கேட்டுக்கொண்டே முகத்து மாவைத் துடைத்தாள். "அவளுக்கு இடுப்பு எவ்வளவு பாயம்மா?"

"முதல்ல இருபத்தாறுன்னு எழுதியிருந்தாரு."

"என் தொடையே அதுக்கு மேல. வா, பாயையே கேட்டுடலாம்."

இருவரும் கடைக்கு வந்தார்கள். வாசலில் சுடிதார் போட்டு நிறுத்தியிருந்த பொம்மையின் கையில் ரஹமத்துன்னிசா பையை மாட்டினாள். நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினாள். மறுபடி விழுந்தது.

"பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்குது. யாருன்னு சொல்லுங்க, போயிடறேன்."

நசீர் டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

வெள்ளையம்மாள் பையைத் தூக்கி அவளிடமே கொடுத்தாள்.

"அவ கையில மாட்டாத பாயம்மா, நிக்காது. அவளுக்கும் சுண்டுவிரல் இல்ல."