எட்டாவது அடியில் ஒரு கோடு

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் மனிதர்களைவிட அச்செழுத்துக்கு அதிக மரியாதை கொடுத்தவர் ஒருவர்தான். அவருடைய இயற்பெயரைப் பலரிடம் விசாரித்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கப்பல் ஆபீசுக்கு எதிரே இருந்த அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். இயந்திரம் ஓட்டும் மலாய்க்காரரிடம் நாள் முழுவதும் "பெலான், பெலான்!" என்று கெஞ்சுவார். மலாயில் 'மெதுவாக' என்று பொருள். கடைசியில் அவரே பெலான் அண்ணன் ஆகிவிட்டார்.

கெஞ்சலுக்குக் காரணம், முப்பதுகளின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து கப்பலில் வந்த ஒரு தலைப்பு எழுத்து. ஆங்கில விளம்பர எழுத்தைப் பார்த்துத் தமிழில் வார்த்தது. ஒரு கோடு தூண்; பக்கத்துக் கோடு பூனை மீசை; நுனிகளில் ஊசிபோல் சின்னப் பாதங்கள். கொஞ்சம் அழுத்தினாலும் மீசை உடைந்துவிடும். குழந்தைக்குப் பல் விளக்குவதுபோல் அதைத் துடைத்து வைப்பார்.

நாட்டு மருந்துக்கடைக்காரர் ஒருவர், மருந்து சாப்பிடும் முறை முழுவதையும் அதே எழுத்தில் அடிக்கச் சொன்னார்.

"இது தலைப்புக்கு மட்டுந்தான் முதலாளி. வயித்துவலிக்காரன் இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள வலி போயிரும். அப்புறம் உங்க மருந்த யாரு வாங்குவா?"

பிறகு துறைமுகத்து மண்டோர், அதாவது மூட்டை தூக்குவோரின் மேஸ்திரி, வந்தார். தம் கீழ் வேலை செய்யும் ஆட்களை வைத்து ஆறு மாதம் ஒத்திகை பார்த்த நாடகத்துக்கு நோட்டீஸ் வேண்டும். நாடகத்தில் அவர்தான் ராஜா.

"கூட்டம் வரணும் லா, அண்ணே. ஹால் காலியா கெடந்தா நாளைக்கு எந்த ஆளு என் பேச்சக் கேப்பான்? மூட்டையப் போட்டுட்டுச் சிரிப்பானுங்க."

நாடகத்தன்று காலையில் அச்சகச் சுவரில் நோட்டீஸ் ஏறியது. சற்று நேரத்தில் மண்டோர் தெருவின் மறுபக்கத்திலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னண்ணே இது? மெலிசுக் கோடெல்லாம் மறைஞ்சு வெறும் வேலி மாதிரி நிக்குது!"

"எழுத்து சரியாத்தான் இருக்கு. நீங்க நின்ன எடந்தான் தப்பு."

சொல்லிவிட்டுப் பெலான் அண்ணன் சுவரிலிருந்து பின்னோக்கி நடந்தார். எட்டாவது அடியில் நின்று, சாக்குக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டார். அப்புறம் போவோர் வருவோரையெல்லாம் தோளைப் பிடித்து அதில் நிறுத்தினார்.

"இங்க நில்லுங்க. இப்பப் படிங்க."

பசாருக்குப் போனவர்கள் நின்றார்கள். என்ன கூட்டம் என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள் பின்னால் நின்றார்கள். தமிழே தெரியாத ரிக்‌ஷாக்காரச் சீனர் ஒருவரும் நின்று தலையாட்டினார். கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ்காரர் வந்தார், நம்மவர்தான். அவரையும் கோட்டில் நிறுத்தியாயிற்று.

"இன்னைக்கு ஆறு மணிக்கா?" என்றார் போலீஸ்காரர்.

"ஆமாங்கய்யா. அந்தப் பாதத்தப் பாருங்க, எவ்வளவு மெலிசு!"

மாலை ஆறுக்கு ஹால் நிரம்பி, வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். திரை மட்டும் எழவில்லை. உள்ளிருந்து மண்டோரின் குரல் கேட்டது: "பெலான் அண்ணன் வரட்டும். அதுக்கு முன்னாடி எவனும் கயித்தத் தொடாதீங்கடா!"

வெளிச்சம் இருக்கும்வரை தெருவில் ஆள் நிறுத்திவிட்டு, கையெல்லாம் சாக்குத் தூளோடு அவர் வந்து சேர்ந்தபோது ஹாலே எழுந்து வழிவிட்டது. அரை மணி தாமதம். எதையும் மணி பார்த்துக் குறித்துவைக்கும் நான், அன்று கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, அவர் உட்காரும்வரை நின்றுகொண்டிருந்தேன்.