ஆடி முழுக்கப் பூட்டியிருந்த கடை

வங்காளத்தில், டாக்குரியாவில் கடைக்கு ஒப்பந்தம் போட்ட அன்று இருந்தவர்கள் அப்பா, நான், கடைச் சொந்தக்காரர் மித்ரா பாபு. வராதவர்கள் இருவர்: அம்மா, மழை. அம்மாவுக்குக் கால் வலி. மழைக்கு என்ன வந்ததோ, வைகாசி முடியப்போகும் நேரத்திலும் தலைகாட்டவில்லை.

அப்பா கார்டன் ரீச்சில் ஒரு கேண்டீன் ஒப்பந்தக்காரரிடம் சமையல் வேலை பார்த்து ஓய்ந்தவர். கையெழுத்து மட்டும் போடுவார். கடைசியில் கைக்கு வந்த பணத்தை வைத்து இட்லிக் கடை போடுவதாக முடிவாகியிருந்தது. அது போனால் வேறு பணம் கிடையாது. எங்கள் குடும்பத்திலேயே படித்தவன் நான் ஒருவன்தான், பி.காம். (வணிகச் சட்டத்தில் நல்ல மார்க். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.) ஆகவே ஒப்பந்தத்தைப் படிக்கும் பொறுப்பு என்னுடையது.

பக்கம் பக்கமாக இருந்த ஆங்கிலத்தை உரக்கப் படித்தேன். மித்ரா பாபு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார் (தூங்கியும் இருக்கலாம்).

"எல்லாம் பாத்துட்டியாய்யா? கடையில குத்தங்குறை ஒண்ணும் இல்லயே?" என்றார் அப்பா.

"கண்ணுக்குத் தெரியாத குறை இருந்தா சொந்தக்காரரே சொல்லியாகணும்ப்பா. சட்டம். அவர் ஒண்ணும் சொல்லல. அப்ப இல்லன்னுதான் அர்த்தம்."

அதைச் சொன்னபோது எனக்கிருந்த நிமிர்வை நினைத்தால், இப்போதும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

கண்ணுக்குத் தெரிந்ததும் சில இருந்தன. சுவரில் இடுப்புவரை புதுப் பச்சை பெயிண்ட். சுவிட்சுகள் எல்லாம் என் தலை உயரத்தில். ஏன் இப்படி என்று அப்பா கேட்டார். குழந்தைகளின் பாதுகாப்புக்கு என்று விளக்கினேன்.

ஆனியில் கிரைண்டர், பழைய ஃபிரிட்ஜ், அரிசி, உளுந்து மூட்டைகள் எல்லாம் கொண்டுபோய் இறக்கினோம். கடை உரிமம் கைக்கு வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் திறப்பு விழா மட்டுமல்ல, பூட்டையே தொடக்கூடாது என்றாள் அம்மா. சாவி சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. மறுநாளே மழை பிடித்தது. வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து அதைப் பார்த்து அப்பா சந்தோஷப்பட்டார். இந்த மழைக்குச் சூடாக போண்டா போட்டால் அள்ளிக்கொண்டு போவார்களாம்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஷட்டரைத் தூக்கினோம். முதலில் வாடைதான் வந்தது. பின்பக்கச் சாக்கடை வழியாக ஏறிய தண்ணீர் முழங்காலளவு நின்றதற்குச் சுவரில் கோடு இருந்தது. கணுக்காலளவு இன்னும் மிச்சம் இருந்தது. ஃபிரிட்ஜ் குப்புறக் கிடந்தது. உளுந்து முளைவிட்டு, சாக்கைக் கிழித்து, பிறகு அழுகியும் போயிருந்தது. கற்பூரத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் அம்மா சுற்றிப் பார்த்தாள். அந்தக் கடையில் உலர்ந்து இருந்தவை சுவிட்சுகள் மட்டுமே.

மித்ரா பாபு வந்து பார்த்து, நிதானமான வங்காளத்தில் சொன்னார்: "வருஷா வருஷம் ஸ்ராவணத்துல வர்ற தண்ணிதானே அண்ணா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." (எங்கள் ஆடிதான் அவர்களுக்கு ஸ்ராவணம்.)

கேட்காமலே சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம் என்று நான் பொரிந்தேன். அவர் அப்பாவைப் பார்த்து, பாத்ர மாதத்தில் யாராவது கடை திறப்பார்களா என்று வருத்தப்பட்டார். (எங்கள் ஆவணி அவர்களுக்கு ஆகாத மாதம்.)

கரியாஹாட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். சட்டம் நான் சொன்னதேதான் என்றார். உயிர் வந்தது. ஆனால், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரிந்திருக்கும் என்றால் சொல்ல வேண்டியதில்லை, அதுவும் அதே சட்டம்தான் என்றார். புதுப் பெயிண்டையும் சுவிட்சுகளின் உயரத்தையும் காட்டி எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளுமாம்.

"மழை மாசம் பூரா சாவி யார்கிட்ட இருந்தது?"

"எங்ககிட்டதான் சார்."

"அப்புறம் ஏன் திறந்து பாக்கல?"

ஆடி மாதத்தை வங்காளத்தில் விளக்கினேன். அம்மன், முகூர்த்தம், சாமி படம் எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதைக் கோர்ட்டுல சொல்லுவீங்களா?"

அப்பா எழுந்தார். "போதும்யா. வா."

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு மண்டபம் பார்க்கப் போனால், காகிதத்தை என்னிடம்தான் கொடுப்பார்கள். நான் படித்து முடித்ததும் சித்தப்பா ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்ப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிப்பதில்லை. அவர் இப்போது இன்னொருவரின் ஹோட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்கிறார்.

முன்பணத்தில் பாதியை மித்ரா பாபு திருப்பித் தந்தார். மீதிப் பாதி, வாடகை, சாமான், சாக்கடை அள்ளிய கூலி, வக்கீல் ஃபீஸ் எல்லாம் சேர்த்துப் போனது இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.