ஜெட்டுக்கு யார் உபயம்?

ஒரேயொரு கேள்வி கேட்பதற்காகச் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் உபயம் அண்ணை. மற்றவர்கள் கனடாவுக்குக் கலியாணத்துக்குப் போகலாம், லண்டனில் மச்சானைப் பார்க்கலாம் என்று எடுத்தார்கள். இவர் பாஸ்போர்ட் வந்த அன்றே அதை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, அடுத்த ஊர்க்கூட்டம் எப்போது என்று விசாரிக்கப் புறப்பட்டார்.

அவருடைய உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மலைக்கிராமம் ஒன்றின் ஹோட்டல் சமையலறையில் அவர் சாப்பாட்டுக் கோப்பை கழுவினார், நான் சலாட் வெட்டினேன். கிராமத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஹோட்டல்காரர்கள் கோபிப்பார்கள், அவர்கள் கோபித்தால் எனக்கொன்றும் இல்லை, ஆனாலும் சொல்ல மாட்டேன். கோயில் திருவிழா நோட்டீசில் முதலாம் நாள் இன்னார் உபயம், இரண்டாம் நாள் இன்னார் உபயம் என்று போடுவார்களே, அந்த ஒழுங்கு உலகம் முழுவதற்கும் வரவேண்டும் என்பது அண்ணையின் கட்சி. ரோட்டோரப் பூச்சாடியைக் கண்டாலும் கேட்பார், டிசம்பரில் நத்தார் விளக்கைக் கண்டாலும் கேட்பார்: "இது ஆற்ற உபயம்?" லுசேர்ணில் ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை குதிரை வண்டியில் வந்திறங்கினார். அண்ணை நேரே பெண்ணின் தகப்பனிடம் போய், "குதிரை ஆற்ற உபயம்?" என்று கேட்டார். பாவம், அந்த மனுசனுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

எங்கள் கிராமத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் பெரிய பனிச்சறுக்குப் போட்டி நடக்கும். போட்டி தொடங்குவதற்கு முன் இராணுவ ஜெட்டுகள் ஆறு, இரண்டு மலைக்கும் நடுவே, தேவாலயக் கோபுரத்தை உரசுகிற மாதிரி வரும். சனம் தொப்பியைக் கழற்றி ஆட்டிக் கைதட்டும். சமையலறையில் கோப்பைகள் அடுக்கோடு கிலுங்கும். உபயம் அண்ணை கூரையைப் பார்த்துக் கத்துவார்.

"கோதாரி விழுவாங்கள்! கண்டறியாத ஜெட்! சறுக்கிறவன் கீழ சறுக்கிறான், உவங்களுக்கு மேல என்ன வேலை? ஆற்ற உபயமடா உது?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒரு போட்டி நாள் நான் அந்தச் சிரிப்பை நிறுத்தினேன். அன்று அவர் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஜெட் போய் முடிந்தும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஆருக்கு அண்ணை அடிக்கிறியள்?"

"என்ரை மனிசிக்கு."

"எடுக்கேல்லையோ?"

"எப்பிடி எடுப்பா? மேசைக்குக் கீழ எல்லோ இருக்கிறா."

அக்கா, அதாவது அவருடைய மனைவி, 2010இல்தான் இங்கே வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய வருடம் வன்னியில் போரின் கடைசி மாதங்களை முழுக்கப் பார்த்தவர். குண்டு போடும் கிபிர் விமானம் இரைந்தால் பதுங்கு குழிக்குள் பாய வேண்டும், பாயப் பிந்தியவர்கள் இல்லை, அவ்வளவுதான். இங்கே அந்த இரைச்சல் கேட்டால் அவருடைய கால் தானாகவே மேசைக்குக் கீழே போய்விடும். இந்த நாட்டில் அடுக்குமாடிகளுக்கெல்லாம் நிலத்துக்குக் கீழே பதுங்கு அறை கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கட்டிடத்திலும் இருந்தது. அதற்குள் வைன் போத்தலும் பழைய சைக்கிளும் பத்திரமாக இருந்தன. கதவுத் திறப்பு வீட்டுக் காவலாளியிடம் இருந்தது. என்ன சொல்ல!

"லீவு கேளுங்கோவன் அண்ணை. காரணத்தைச் சொன்னா ஷெஃப் தரமாட்டாரோ?"

"விசர்க்கதை கதையாதையும் ஐசே. தன்ரை கதையை ஊருக்குள்ள கொண்டு போனா என்னோட கதைக்கமாட்டன் எண்டு சத்தியம் வாங்கி வைச்சிருக்கிறா. நீரும் வாயைத் திறக்கக் கூடாது."

போட்டி நாளில் சமையலறையில் எவருக்கும் லீவு கிடையாது. ஜெட்டைப் பார்த்துக் கைதட்டியவர்களுக்கு மத்தியானம் பசிக்குமே! அவர்கள் தின்ற கோப்பையை இவர் கழுவ, இவருடைய மனைவி தனியாக மேசைக்குக் கீழே. காரணத்தைச் சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அதனால்தான் அண்ணை தனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தைக் கையில் எடுத்தார். ஜெட்டுக்கு உபயகாரர் யார் என்று கண்டுபிடித்தால், அந்த ஆளிடம் நேரே போய் வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்பது அவர் போட்ட திட்டம்.

முதலில் போட்டிக் குழுவுக்குக் கடிதம் போட்டார். மூன்று கிழமையில் பெரிய உறை வந்தது. "எங்கள் விமானக் காட்சியில் நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி" என்று ஒரு வரி. கூடவே ஆறு ஜெட்டும் வரிசையாகப் பறக்கிற வண்ணப்படம், சுவரில் ஒட்டுவதற்கு!

அண்ணை அந்தப் படத்தைச் சமையலறைக்குக் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார். "ஆர்வமாம்! எனக்கு ஆர்வமாம்! உந்தப் படம் அடிச்சது ஆற்ற உபயம் எண்டாவது போட்டிருக்கிறாங்களோ, பாரும்!" வீட்டுக்குக் கொண்டு போக முடியாதே, உருளைக்கிழங்குத் தோலோடு சேர்த்துக் குப்பையில் அமுக்கினார்.

பிறகுதான் யாரோ சொன்னார்கள், ஊர்க்கூட்டத்தில் கேட்டால் தலைவர் பதில் சொல்லியே ஆகவேண்டும், ஆனால் கேட்கிறவர் பிரசையாக இருக்கவேண்டும் என்று. அண்ணை அடுத்த கிழமையே விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். நேர்முகத்தில் குடியுரிமைக் குழு அன்பாகத்தான் கேட்டதாம், "ஏன் சுவிஸ் பிரசையாக விரும்புகிறீர்கள்?" மலை அழகு, சனநாயகம், சீஸ் என்று ஏதாவது சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே?

"ஒரு கேள்வி கேட்க வேண்டும்" என்றாராம்.

"தாராளமாகக் கேளுங்கள்."

"இப்ப கேட்கமாட்டேன். பாஸ்போர்ட்டைத் தாருங்கள், பிறகு கேட்கிறேன்."

எப்படிக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இரண்டு வருடம் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள்.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். வாக்குரிமை இல்லாதவர்களுக்குச் சுவரோரம் தனி வாங்கு. அதில் நானும் அக்காவும் இருந்தோம். "இந்த மனுசன் கோட்டுப் போட்டா வில்லங்கம்தான். என்ன செய்யப் போறார் எண்டு பாப்பம்" என்று அக்கா பின்னாலேயே வந்திருந்தார். எங்கள் ஷெஃப் நாலாவது வரிசையில் இருந்தார்.

அண்ணை எழுந்தார். அவருடைய ஜெர்மன் முழுவதும் சமையலறையில் படித்தது. மரியாதைச் சொல் ஒன்றுகூட அதில் கிடையாது. தலைவரைப் பார்த்து, பிந்திய ஓடருக்குக் கத்துகிற தொனியில் கேட்டார், "ஜெட்டுக்கு யார் காசு கொடுக்கிறது? கெதியாகச் சொல்!"

தலைவர் சிரித்தார். "ஒருவரும் கொடுப்பதில்லை. விமானிகள் எப்படியும் பயிற்சிக்குப் பறக்கத்தான் வேண்டும். அதை இங்கே வந்து பறக்கிறார்கள்." சபை தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவரும் காசு கொடுக்காமல் ஆறு ஜெட் மேலே எழும்புமா? காற்றிலா ஓடுகிறது?

அண்ணை விடவில்லை. அவர் ஜெர்மனில் பொரிந்தது எனக்குத் தமிழில்தான் கேட்டது: "நானும்தான் எப்பிடியும் கோப்பை கழுவோணும். அதுக்காக உங்கட வீட்டுக் கலியாணத்துக்குச் சும்மா வந்து கழுவுறனோ? எண்ணெய் ஆர் விடுறது? பைலட்டுக்குச் சம்பளம் ஆர்? நான் கட்டுற வரியும் எல்லோ அதுக்குள்ள எரியுது! என்ரை காசில என்ரை வீட்டில..."

அதோடு நின்றுவிட்டார். அக்கா இருந்த சுவரோர வாங்கை ஒருமுறை பார்த்தார்.

"காசை விடுங்கள்" என்றார் தலைவர். "அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு?"

ஒரு நாள் முழுக்கக் கூரையோடு சண்டை பிடிக்கிற மனுசன், கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். சபையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

எனக்குப் பக்கத்தில் அக்கா எழுந்தார். "விருந்தினர்கள் பேச முடியாது" என்றார் தலைவர். "பேசட்டும்" என்றது நாலாவது வரிசை. எங்கள் ஷெஃப்தான். அக்கா தன்னிடம் இருந்த கொஞ்ச ஜெர்மனைத் தேடித் தேடிச் சொன்னார்.

"நான் மேசைக்குக் கீழே போகிறேன். ஒவ்வொரு வருடமும். இவருக்கு அன்று லீவு இல்லை."

அவ்வளவுதான். இருந்துவிட்டார். ஷெஃப் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெட் வரலாமா கூடாதா என்று வாக்கெடுத்தார்கள், தோற்றோம். அக்கா சொன்னதைக் காதால் கேட்டுவிட்டு, ஹோட்டல் முதலாளியும் கடைக்காரரும் பனிச்சறுக்கு லிஃப்ட்காரரும் ஜெட் வரட்டும் என்று கையை உயர்த்தினார்கள். வெளியே பனியில் அக்கா அண்ணையின் மப்ளரை இழுத்துச் சரிசெய்தபடி, "கண்டறியாத கேள்வி கேக்க வந்திட்டார்" என்று ஏசினார். அண்ணை அக்காவின் கையைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த போட்டி நாள் மத்தியானத்துக்குச் சற்று முன், ஓடர் குவிந்து கிடக்கிற நேரம். ஷெஃப் கழுவுமிடத்துக்கு வந்தார். அண்ணையின் கையிலிருந்த தூரிகையைப் பிடுங்கினார்.

"வீட்டுக்குப் போ. பத்து நிமிடத்தில் வரப்போகிறது."

"அப்ப கோப்பை?"

"போ என்றேன்!"

அண்ணை ஏப்ரனோடு ஓடினார். நான் ஜன்னலால் பார்த்தேன். சமையலறைச் செருப்போடு, ஏற்றத்தில், இரண்டு தரம் வழுக்கி விழுந்து எழும்பி ஓடினார். அவர் வீட்டு வாசலை எட்டும்போதே ஜெட்டுகள் வந்துவிட்டன. தெருவில் நின்ற சனம் முழுக்க அண்ணாந்து கைதட்டியது. ஒரே ஒரு மனுசன் மட்டும் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனார்.

நான் சலாட் கத்தியை வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அவருடைய கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். அவர் அவசரப்படாமல் ஆறுதலாக வரட்டும்.