சோப்பு போட்ட மாப்பிள்ளை

ஒருவரைப் புகழ்ந்து காரியம் சாதிக்க எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்கான வார்த்தைகள் மட்டும் எல்லாம் தெரியும். எங்கள் நைனா காலத்தில் அதற்கு 'தாஜா' என்று பேர். காக்கா பிடிப்பதும் உண்டு (கால், கை பிடிப்பதுதான் அப்படி ஆயிற்று என்பார் எங்கள் தமிழ் வாத்தியார். காக்கா பாவம்). அப்புறம் ஐஸ் வைத்தார்கள், ஜால்ரா தட்டினார்கள், கூஜா தூக்கினார்கள். எழுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாண வயது வந்தபோது, உத்திரமேரூர் பக்கம் எல்லாரும் 'சோப்பு' போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நானும் போட்டுக்கொண்டிருந்தேன், நிஜ சோப்பு. கொல்லையில் நைனா காய்ச்சும் துணி சோப்பை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கடை கடையாகக் கொடுத்து வருவேன். கடைக்குச் சரக்கு கொடுப்பதை எங்கள் தொழிலில் 'போடறது' என்போம்.

திருப்புலிவனத்துக் கடையில்தான் மல்லிகாவைப் பார்த்தேன். "இந்த சோப்புல நொரையே வர்ல, கல்லு மாரி கீது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். வாரம் ஒரு முறை போகிற ஊருக்கு அன்றிலிருந்து மூன்று முறை போனேன். (சரக்கு வைக்க இடமில்லாமல் கடைக்காரர் தவித்தார்.) கட்டினால் அவளைத்தான் என்று வீட்டில் அடம்பிடித்துத் தரகரை அனுப்பினேன்.

அவள் அப்பா நெல் விவசாயி. ஏரித் தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கு யாரோ கூஜா தூக்கி முதல் தண்ணீரை வாங்கிக்கொண்டதில் இவர் பயிர் ஒரு போகம் காய்ந்து போயிற்று. அதிலிருந்து அந்த ரக ஆட்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவரிடம் போய்த் தரகர் சொன்னது இதுதான்: "பையன் ஊரு பூரா சோப்பு போட்டுக்கினு கீறான்."

பெண் பார்க்கப் போனோம். நான் பஜ்ஜியைக் கையில் எடுத்ததும் அவர் கேட்டார்.

"இன்னாப்பா, நீ ஊருக்கெல்லாம் சோப்பு போடறியாமே?"

"ஆமாங்க மாமா!" என்றேன் பெருமையாக.

"யாரு யாருக்கு?"

"ஆள் பாக்கறதே இல்லீங்க மாமா. பஞ்சாயத்துத் தலைவர் வூட்டுக்கு நான்தான். தாலுகா ஆபீசுக்குக்கூட மாசா மாசம் போட்டுடுவேன்."

"வெக்கமா இல்ல?"

"இதுல இன்னா மாமா வெக்கம்? நைனா கத்துக்குடுத்த தொழிலு. நாளைக்கு எம்புள்ளையும் போடுவான்."

அவர் முகம் சிவந்தது. ஏதோ சரியில்லை என்று புரிந்தது, என்னவென்று புரியவில்லை. இலவசம் என்றால் மனிதர் குளிர்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன் (என் மூளையைப் பாருங்கள்).

"கல்யாணம் ஆயிட்டா உங்களுக்கும் வாரா வாரம் போடறேன் மாமா!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "தரகரே, எல்லாரையும் கூட்டிக்கினு கெளம்பு. இந்த மாரி ஆளுக்கு எம்பொண்ணத் தரமாட்டேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஜ்ஜியும் கையுமாக விழித்தேன்.

அப்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஐயோ நைனா, அது துணி தொவைக்கிற சோப்பு! கடைக்குப் போடறாரு. மனுசனுக்குப் போடத் தெரிஞ்சவரா இருந்தா உங்கிட்ட இப்பிடியா பேசுவாரு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெசமாவே தெரியாதா?"

"தெரியாதுங்க," என்றேன்.

உட்கார்ந்தார். "இவருக்கு இன்னும் ரெண்டு பஜ்ஜி வைம்மா," என்றார்.

தை மாதம் கல்யாணம். அது ஆகி நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் மல்லிகாவிடம், "இந்தப் பொடவை உனக்கு நல்லா கீது" என்றால் போதும், "அம்மா, நைனா சோப்பு சரக்கு போட வந்துட்டாரு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். மல்லிகாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அன்றைக்குப் பூராவும் அந்தப் புடவையை மாற்றமாட்டாள்.